சுவர் யாருக்குச் சொந்தம்?

நாமக்கல் பக்கம் 'பிராய்லர் பள்ளி' என்று ஒரு பேச்சு உண்டு. பண்ணையில் குஞ்சை அடைத்துத் தீனி போட்டு எடை ஏற்றுவதுபோல, பிள்ளையை விடுதியில் அடைத்து மதிப்பெண் ஏற்றும் பள்ளிக்கு மக்கள் வைத்த பெயர் அது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் நடுத்தர வர்க்கத்தின் பாடு முழுவதும் அந்த இரண்டு சொல்லில் அடங்கிவிட்டது.

இந்தத் தெருக் கேலி புதியதல்ல. 19-ஆம் நூற்றாண்டில், கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த பட்டுவா ஓவியர்கள், கல்கத்தாவில் காளிகாட் கோயில் தெருவில் ஆலைக் காகிதத்தில் சாமி படம் எழுதி மலிவாக விற்றார்கள். சாமியோடு நிற்கவில்லை. வெள்ளையனைப் போலத் தலை வாரி, பூட்ஸ் மாட்டி, ஹூக்கா பிடித்த 'பாபு'வையும் எழுதினார்கள். நெற்றியில் நாமம், வாயில் இறால் கவ்விய பூனை: போலிச் சாமியாருக்கு இதைவிடப் பொருத்தமான படம் வேண்டுமா? 1873-இல் தாரகேஸ்வரம் கோயில் மகந்து தண்டனை பெற்றபோது, அவர் சிறையில் செக்கு இழுப்பதையும் படமாக்கி வீதியில் விற்றார்கள்.

குறையும் உண்டு. கணவனை எதிர்த்துப் பேசிய பெண்ணையும் ஏளனம் செய்தார்கள். கீழே கிடப்பவரை உதைக்கும் கேலி நமக்கு வேண்டாம்.

அந்தக் கலையை வீழ்த்தியது எது? அச்சு யந்திரத்திலிருந்து குவிந்த மலிவுப் படங்கள். சேலம் கைத்தறியாளருக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. நம் ஊர்ச் சுவர் ஓவியரின் தூரிகையை பிளக்ஸ் பலகை பறித்ததும் இதே கதைதான். யந்திரம் குற்றவாளியல்ல, அது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

2015-இல் பெங்களூர்ச் சாலைப் பள்ளத்தில் பாதல் நஞ்சுண்டசாமி என்ற கலைஞர் ஒரு முதலைப் பொம்மையை வைத்தார். ஊர் சிரித்தது, அதிகாரிகள் பள்ளத்தை மூட ஓடி வந்தார்கள். மனுவுக்கு அசையாத நாற்காலி சிரிப்புக்கு அசைகிறது!

இங்கோ, ஏழை சுவரில் எழுதினால் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் பாய்கிறது. காசுள்ளவன் விளம்பரத்துக்கு வானமே சொந்தம்.

தோழர்களே! சங்க அலுவலகச் சுவர் நம்முடையது. ஓவியரை அழைப்போம், உரிய கூலி கொடுப்போம். கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே கேலி செய்யப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். குமாஸ்தா நமக்கு எதிரியல்ல. மாதக் கடைசியில் அவரும் வட்டிக்காரன் வாசலில்தான் நிற்கிறார். அவரும் பார்த்துச் சிரிக்கட்டும். சிரித்துவிட்டு நம் பக்கம் வரட்டும்!