ஏரி வாரியமும் இரண்டாம் அலகும்

இளங்கலை மாணவர் அனைவருக்கும் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயமானது நீதிமன்றத்தின் வழியாகத்தான். எம்.சி.மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம் 1991இல் பிறப்பித்த ஆணை அதற்கு வித்திட்டது. பல்கலைக்கழக மானியக் குழு பின்னர் வகுத்தளித்த பாடத்திட்டத்தில் 'இயற்கை வளங்கள்' இரண்டாம் அலகாக அமைந்தது. காடு, நீர், கனிமம், உணவு, ஆற்றல், நிலம் என ஆறு தலைப்புகள். பாடவேளை குறைவாக உள்ள ஆசிரியர் எவரோ அவர் தலையில் இத்தாள் விழும். தமிழ்த்துறைக்கும் அவ்வாறு வந்து சேர்வதுண்டு.

நீர்வளப் பாதுகாப்பு முறைகளை எழுதுக என்றால் மாணவர்கள் பிழையின்றி எழுதிவிடுகிறார்கள். உங்கள் ஊர் ஏரியின் கலிங்கு எந்தப் பக்கம், வழியும் நீர் எங்கே போகிறது என்றால் வகுப்பறை அமைதியாகிவிடுகிறது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கு விடை தெரியும். ஆனால் அது தேர்வுக்குரிய அறிவு என்று அவர்கள் எண்ணுவதில்லை; எண்ணும்படி நாமும் கற்பிக்கவில்லை.

நாம் கேட்பது இதுதான்: வள மேலாண்மை என்கிறோமே, அதில் மேலாண்மை எங்கே? வளத்தின் வகையும் அளவும் பாடநூலில் இருக்கின்றன. பங்கீடு இல்லை. ஏரி நிரம்பியிருக்கையில் எவரும் எதையும் மேலாள வேண்டியதில்லை. ஒரே ஒரு நனைப்புக்கு மட்டும் நீர் மிஞ்சியிருக்கையில் தலைமடைக்கா, கடைமடைக்கா என்று முடிவு செய்வதில்தான் பாடம் தொடங்குகிறது. அந்த முடிவைக் காலங்காலமாகக் களத்தில் நிறைவேற்றிய நீர்க்கட்டியும் மடைக்குடும்பனும் எந்த அலகிலும் இடம்பெறவில்லை.

உத்திரமேரூரின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைப் பெருமைக்காக மட்டுமே மேடைதோறும் முழங்குகிறோம். (பெருமை பேசுவதில் நமக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை.) அவற்றில் வரும் ஏரி வாரியம் வள மேலாண்மை அன்றி வேறென்ன? முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வாரியத்திற்குத் தகுதியற்றவர். நிலமில்லாதவருக்கும் அங்கே இடமில்லை. இவ்விரண்டையும் ஒரே வகுப்பில் வைத்து விவாதிக்க வேண்டும்.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் குடிநீர் சென்றது. எங்கள் நீரை எடுக்காதீர் என்ற எதிர்ப்புக் குரலும் அப்பகுதியில் எழுந்தது. யார் பக்கம் நியாயம்? இளங்கலை வகுப்பு ஒரு மணிநேரம் கொதிக்க வேண்டிய வினா இது. நம் வினா வங்கிகளிலோ மழைநீர் சேகரிப்பின் பயன்கள்தாம் இன்றும் ஐந்து மதிப்பெண் பெறுகின்றன.

மானியக் குழுவின் அப்பாடத்திட்டத்திலேயே களப்பணிக்கு இடமிருந்தது. நடைமுறையில் அது கடையில் வாங்கிய படங்களை ஒட்டிய ஏடாகச் சுருங்கியது. அதற்கு மாற்றாக, வகுப்புக்கு ஓர் ஏரி என ஒதுக்கலாம். மதகுகள் எத்தனை, திறந்தவர் யார், இன்று திறப்பவர் யார், தூர்வாரியது எப்போது, ஆயக்கட்டில் எவ்வளவு மனையாயிற்று, எந்த ஆண்டில் எதற்காகச் சண்டை வந்தது என ஒரு பருவம் முழுவதும் மாணவர் கேட்டு எழுதட்டும். வேதியியல் மாணவர் நீரைச் சோதிக்கட்டும். தூம்பு, குமிழி, வாய்க்கால் என வழங்கும் சொற்களை நம் மாணவர் தொகுக்கட்டும். இது தமிழாசிரியர் வேலையா என்று கேட்பார்கள். அச்சொற்களைக் கல்வெட்டில் படித்துப் பொருள் சொல்வது நம் வேலையென்றால், அவை இன்னும் புழங்கும் கரைக்கு மாணவரை அழைத்துச் செல்வதும் நம் வேலைதான். களப்பணி மதிப்பெண்ணை அந்தக் குறிப்பேட்டுக்கே வழங்குவோம்.