‘ரெண்டு வேளைக்கு மாத்திரை கொடுங்க தம்பி’

நம்ம ஊர் மருந்துக்கடைகளில் மாலை நேரத்தில் அதிகம் கேட்கிற வாசகம் இதுதான். சளி, தொண்டை வலி, வயிற்றுப்போக்கு, எதுவானாலும் சீட்டு கிடையாது. கடைத்தம்பியும் வலி மாத்திரையோடு ஒரு ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துக் கிழித்துக் கொடுத்துவிடுவார். இந்தப் பழக்கத்தை முதலில் விட வேண்டியவர்கள் அறுபதைத் தாண்டிய நாம்தான் என்பது என் கருத்து. காரணம் சொல்கிறேன்.

சளியும் ஃப்ளூ காய்ச்சலும் பெரும்பாலும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் நம் குடலில் வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களை அது தாக்கும். அதில் பலம் குறைந்தவை சாகும், மருந்தைத் தாங்கக்கூடிய ஒன்றிரண்டு பிழைக்கும். போட்டிக்கு ஆள் இல்லாததால் அவை பெருகும். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங், 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே இந்த ஆபத்தை எச்சரித்தார்.

ஒரு மருந்தை எதிர்ப்பது சரி, ஒரே கிருமி ஐந்தாறு மருந்துகளை எப்படி எதிர்க்கிறது? பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்ற சின்ன மரபணு வளையங்கள் உண்டு. ஒரே வளையத்தில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் இருக்கலாம். ஒன்று மருந்தை உடைக்கும் நொதியைத் தயாரிக்கும். இன்னொன்று உள்ளே வந்த மருந்தை மோட்டார் வைத்து இறைப்பதுபோல வெளியே தள்ளும். இந்த வளையத்தை ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருக்கும் வேறு இன பாக்டீரியாவுக்கும் நகல் எடுத்துக் கொடுத்துவிடும். திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போன ஊர். இங்கே ஒருவன் ஐந்தாறு பூட்டுக்கான சாவிக்கொத்தை நகலெடுத்து ஊரெல்லாம் விநியோகித்தால் என்ன ஆகுமோ, அதுதான் இது.

இது நம் மாநிலத்துக்குத் தூரத்து விஷயம் அல்ல. 2008-இல், டெல்லியில் சிகிச்சை பெற்றுவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் ‘என்.டி.எம்.-1’ என்ற நொதி கண்டறியப்பட்டது. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பாபெனெம் வகை மருந்துகளையே உடைக்கக் கூடியது. 2010-இல் லான்செட் இதழ் குழுமத்தில் வந்த ஆய்வில், இந்த மரபணு உள்ள கிருமிகள் சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் இருந்தன. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அப்போது ‘புது டெல்லி’ என்று பெயர் வைத்தது நாட்டுக்கு அவமானம் என்று பெரிய சண்டை நடந்தது. பெயருக்குக் காட்டிய ரோஷத்தை நாம் மாத்திரை விஷயத்தில் காட்டவில்லை.

அரசு சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. 2012-இல் மருத்துவர்கள் கூடி ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டார்கள். 2014 மார்ச் முதல் எச்-1 அட்டவணை அமலுக்கு வந்தது. அதில் தொடக்கத்தில் 46 மருந்துகள் இருந்தன. பட்டியலில் உள்ளதை விற்றால் நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஆனால் அதிகம் விற்கும் அமாக்ஸிசிலின் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கும் டாக்டர் சீட்டு கட்டாயம்தான், பதிவேடு மட்டும் கிடையாது. டாக்டர் இல்லாத கிராமத்தான் தவித்துவிடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். நியாயமான கவலைதான். ஆனால் டவுனில் தெருவுக்குத் தெரு கிளினிக் வைத்திருக்கும் நாம் அந்தச் சலுகையில் ஒளிந்துகொள்ளலாமா?

“எல்லாப் பழியும் எங்கள் தலையிலா?” என்று நீங்கள் கேட்பது புரிகிறது. ஊசி போட்டால்தான் டாக்டர் என்று நாம் நினைப்பதால், தேவையில்லாமல் எழுதிக் கொடுக்கும் டாக்டர்களும் உண்டு. கை கழுவாத ஆஸ்பத்திரிகள் உண்டு. கோழிப் பண்ணைகளும் உண்டு. கோழி எடை போடத் தீவனத்தில் கலந்த கோலிஸ்டின், மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் மருந்து. அதைக் கால்நடைகளுக்கு விற்க 2019 ஜூலையில்தான் மத்திய அரசு தடை போட்டது. இவர்கள் எல்லோரும் திருந்த வேண்டும். ஆனால் நம் கையில் இருப்பது நம் வீட்டு மாத்திரை டப்பாதான்.

இதில் அதிகம் இழக்கப் போவதும் நாம்தான். சர்க்கரைப் புண், புராஸ்டேட் ஆபரேஷன், சிறுநீர்க் குழாய், முழங்கால் மாற்று, கண்புரை, இவை எல்லாம் கிருமிக்கு மருந்து வேலை செய்யும் என்ற நம்பிக்கையில் நடப்பவை. அந்த நம்பிக்கை போனால் சாதாரண ஆபரேஷனே உயிருக்கு உலை வைக்கும்.

ஆகவே, சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். டாக்டர் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள், நடுவில் நிறுத்த நினைத்தால் அவரையே கேளுங்கள். மிச்ச மாத்திரையைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு எடுத்துக் கொடுப்பது உதவி அல்ல. பணம் தடை என்றால் நம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சீட்டும் மருந்தும் இலவசம். வரிசையில் நிற்கப் பொறுமைதான் வேண்டும். ஓய்வு பெற்ற நமக்கு அது இல்லாமலா போய்விட்டது?