டயட் சார்ட் எழுதுவதற்கு முன்

பிசிஓடி என்று எழுதி, கீழே 'எடையைக் குறைக்கவும்' என்று ஒரு வரி சேர்த்து மகப்பேறு மருத்துவர்கள் உணவு ஆலோசகர்களான நம்மிடம் அனுப்பும் இளம்பெண்கள் வாராவாரம் வருகிறார்கள். உயரம், எடை பார்க்கிறோம். 1200 கலோரிக்கு ஒரு சார்ட் கொடுத்து அனுப்புகிறோம். அவர்களில் சிலர் பகல் முழுக்க அந்தச் சார்ட்டை எழுத்துப் பிசகாமல் பிடித்துவிட்டு, வீடு உறங்கியபின் அடுக்களையில் நின்றபடியே மிச்சச் சோற்றையும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டையும் தின்று தீர்ப்பவர்கள். மறுநாள் காலை அந்தக் குற்ற உணர்வில் டிபனை விட்டுவிடுவார்கள். இவர்களுக்கு நாம் கொடுக்கும் கலோரிக் கட்டுப்பாடு உண்ணுதல் கோளாறைத்தான் வளர்க்கும். நாம் கேட்காததால் அவர்களும் சொல்வதில்லை.

உண்ணுதல் கோளாறு மேல்நாட்டுச் சமாச்சாரம் என்ற பேச்சு நம் கருத்தரங்குகளில் இன்னும் ஓயவில்லை. மேல்நாட்டு வரையறைக்குள் முழுதாக அடங்காத உணவு சார்ந்த மனவேதனையைச் சென்னை மருத்துவ மாணவர்களிடம் கண்டு, சீனிவாசன், சுரேஷ், ஜெயராம் ஆகியோர் 1998-லேயே எழுதிவிட்டார்கள். மெலிந்தே போனாலும் 'குண்டாகிவிடுவேன்' என்ற பயத்தைச் சொல்லாத நோயாளிகள் பலர் இருப்பதை, ஹாங்காங்கில் சிங் லீ 1990-களில் காட்டினார். நம் அறையில் கேட்பதும் அதே குரல்தான்: "ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு உப்புது", "நெஞ்சுலயே நிக்குது", "பசியே இல்ல மேடம்". எண்டோஸ்கோப்பியில் எதுவும் இருக்காது. சத்துணவு ஆலோசனைக்கு என்று நம்மிடம் வந்து நிற்பார்கள்.

விரதத்தையும் விசாரியுங்கள். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, ஏகாதசி என்று நாட்கள் கூடிக்கொண்டே போனால், வீட்டில் வேறு யாரெல்லாம் விரதம் இருக்கிறார்கள், எப்போது தொடங்கியது என்று கேட்க வேண்டும். பக்தியோடு விரதம் இருப்பவர் முடித்ததும் இலை போட்டு உட்காருவார். உண்ணுதல் கோளாறு உள்ள பெண் அந்த நேரத்தில் தலைவலி என்று போய்ப் படுத்துக்கொள்வாள்.

அம்மா பக்கத்தில் இருந்தால் எல்லாக் கேள்விக்கும் அம்மாவே பதில் சொல்லிவிடுவார். அவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: "வயிறு கனமா இருக்குன்னு நீயா வாந்தி எடுக்கிறதுண்டாம்மா?" "ஆரம்பிச்சா நிறுத்த முடியலையேன்னு தோணுமா?" 1999-இல் பிரிட்டனில் வந்த ஸ்காஃப் வினாத்தொகுப்பு இப்படி ஐந்தே கேள்விதான். இரண்டுக்கு 'ஆமாம்' வந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். கன்னத்தின் பின்புற வீக்கம், விரல் முட்டியில் காய்ப்பு, மேல்வரிசைப் பற்களின் உட்புறத் தேய்வு ஆகியவற்றையும் பாருங்கள். எடை சரியாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. வாந்தியில் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். நாட்கணக்கில் சரியாகச் சாப்பிடாதவருக்கு எடுத்த எடுப்பில் முழு உணவு எழுதுவதும் ஆபத்துதான். ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று சரியும். தயாமினும் ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் முதலில். அதற்குப் பொது மருத்துவர் உடன் இருக்க வேண்டும்.

அனொரெக்ஸியாவுக்கு உணவு ஆலோசனையை மட்டும் தனிச் சிகிச்சையாகத் தரக் கூடாது என்கிறது பிரிட்டனின் நைஸ் அமைப்பின் 2017 வழிகாட்டுதல். நம் தொழிலுக்கு இதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் "சைக்கியாட்ரிஸ்டைப் பாருங்க" என்று கடைசி நிமிடத்தில் சொல்லி எழுந்துகொண்டால், "நான் என்ன பைத்தியமா?" என்ற கேள்வியோடு அவள் யாரிடமும் போகமாட்டாள். யாரிடம் அனுப்புகிறோமோ அவர் பெயரைச் சொல்லி, அவள் முன்னாலேயே போன் செய்து, நம்மிடம் மறுபடி வரவேண்டிய தேதியையும் எழுதிக் கொடுப்பதே சரியான பரிந்துரை. மனநல மருத்துவருக்கான கடிதத்தில் எடையோடு நாடித் துடிப்பும் மாதவிடாய் விவரமும் இருக்கட்டும். எடை குறைப்பை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறோம் என்று முதலில் அனுப்பிய மருத்துவருக்கும் எழுதிவிடுங்கள். அவர் அடுத்த முறை எடை ஏன் குறையவில்லை என்று கடிந்துகொண்டால் எல்லாம் பாழ்.

வளரிளம் வயதினருக்குக் குடும்பம் சார்ந்த சிகிச்சைக்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. பெற்றோர் சாப்பாட்டுப் பொறுப்பைக் கொஞ்ச காலம் கையில் எடுப்பது அதன் அடிப்படை. நம் வீடுகளில் பரிமாறுவது பல சமயம் பாட்டி. அவரையும் ஒருமுறை வரச் சொல்லுங்கள். அம்மா ஊட்டுவதை அவர் "பாவம், விடு" என்று ஒரு வார்த்தையில் கலைத்துவிடுவார்.

செலவைக் காரணம் சொல்லும் பெற்றோரிடம், உடல்நோய்க்கு இணையாக மனநோய் சிகிச்சைக்கும் காப்பீடு தரவேண்டும் என்கிற 2017 மனநலச் சட்டத்தைச் சொல்லலாம். சிறப்பு மருத்துவர் இல்லாத ஊர்களில் இருப்பவர்களுக்கு 2022 முதல் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை இருக்கிறது, எண் 14416. தமிழிலேயே பேசலாம். முதல் அழைப்பை அவள் எதிரில் இருக்கும்போதே, நம் மேசையிலிருந்தே செய்துவிடுவது நல்லது.