வலியறிதல்

ஒரு வீரர் தோற்றவுடன் நாம் தீர்ப்பு வழங்கிவிடுகிறோம். "உடம்பில் வலு இருந்தது, உள்ளத்தில் உறுதி இல்லை" என்கிறோம். ஓட்டப் பந்தயத்தில் பாதி வழியில் நின்றுவிட்ட மாணவியைப் பற்றியும் இப்படியே பேசுகிறோம். இத்தீர்ப்பு சரியானதுதானா? உலகப் புகழ்பெற்ற குத்துச்சண்டை வீரர் ஒருவரின் தோல்விகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

அவர் முகமது அலி. நம் பெற்றோரின் ஊரையும் நாம் வாழும் ஊரையும் கண்டவர் அவர். 1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் மோதினார். அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவரை வரவேற்றார். பத்து ஆண்டுகள் கழித்து, 1990-இல் கொல்கத்தாவுக்கு வந்தார். சென்னைக்கு வந்தபோது அவர் மீண்டும் களம் காண எண்ணும் வீரர். கொல்கத்தாவுக்கு வந்தபோதோ தீராத நோயுடன் வாழ்ந்தவர். இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்ததை அறிந்தால் நம் கேள்விக்கு விடை கிடைக்கும்.

முதலில் 1973-ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அவ்வாண்டு மார்ச் 31 அன்று கென் நார்ட்டன் என்பவரிடம் அலி தோற்றார். அப்போட்டியில் அவருடைய தாடை எலும்பு முறிந்தது. ஆயினும் அவர் விலகவில்லை. பன்னிரண்டு சுற்றுகளையும் நின்று முடித்தார். எலும்பு கூடியபின், அவ்வாண்டு செப்டம்பரிலேயே அதே நார்ட்டனை வென்றார். 1974-இல் கின்சாசா நகரில் ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்தி மீண்டும் உலகப் பட்டம் பெற்றார். இத்தகையவருக்கு மனவுறுதி இல்லை என எவர் கூற இயலும்?

இனி, 1980 அக்டோபர் 2. லாஸ் வேகாஸ் நகரில் லாரி ஹோம்ஸை அலி எதிர்கொண்டார். அப்போது அலிக்கு வயது 38. ஹோம்ஸ் முன்னர் அவருக்கே பயிற்சித் துணைவராக இருந்தவர். அன்று அலியின் கைகள் உயரவில்லை, கால்கள் நகரவில்லை. பத்துச் சுற்றுகளிலும் அவர் பின்தங்கினார். அப்போதும் அவர் தாமாக நிறுத்தவில்லை. அவருடைய பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீதான் போட்டியை நிறுத்தச் செய்தார். அப்போட்டிக்கு முன்பே மருத்துவர்கள் அலியைப் பரிசோதித்திருந்தனர். ஒற்றைக் காலில் குதிப்பதிலும், விரலால் மூக்கைத் தொடுவதிலும் சிறு தடுமாற்றம் தென்பட்டது. ஆயினும் களமிறங்க அவருக்கு அனுமதி கிடைத்தது. மறு ஆண்டும் ஒரு போட்டியில் ஆடித் தோற்றார். 1984-இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது அறிவிக்கப்பட்டது.

அந்நோய்க்குக் குத்துகள் மட்டுமே காரணமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளைக்கு நிலையான கேடு விளைவிக்கும் என்பதில் ஐயமில்லை. அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-லேயே குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்படும் நடைத் தளர்ச்சியையும் அறிவுத் தளர்ச்சியையும் பற்றி எழுதினார். மூளை மண்டையோட்டுக்குள் ஒரு நீர்மத்தில் மிதக்கிறது. தலை சட்டெனத் திரும்பும்போது மூளையும் குலுங்கி அதன் நுண்ணிய இழைகள் சிதைகின்றன. கையில் ஏற்படும் காயம் கண்ணுக்குத் தெரியும், இக்காயம் தெரிவதில்லை. தெரியாத காரணத்தாலேயே அதனை நாம் மனத்தின் குறையென்று எண்ணிவிடுகிறோம்.

அப்படியாயின், மனம் தளர்ந்து தோற்பவரே இல்லையா? உண்டு. 1980 நவம்பரில் ராபர்ட்டோ டுரான் என்னும் பனாமா நாட்டு வீரர், சுகர் ரே லெனார்டுடன் நடந்த போட்டியின் எட்டாம் சுற்றில் ஆட்டத்தைக் கைவிட்டுத் திரும்பினார். வயிற்றைப் பிடித்து இழுத்தது என்றார். பலர் அதனை நம்பவில்லை. கோழை என்றே ஏசினர். ஆனால் அதே டுரான் 1983-இலும் 1989-இலும் வேறு எடைப்பிரிவுகளில் உலகப் பட்டங்களை வென்றார்.

இங்கேதான் என் கருத்து தொடங்குகிறது. தளர்ந்த மனம் மீண்டும் எழும். சிதைந்த மூளை எழாது. காயமில்லாத ஒருவரைக் காயமுற்றவர் என்று தவறாகக் கருதினால், அவர் இழப்பது ஒரு போட்டியை மட்டுமே. காயமுற்றவரை மனவுறுதி இல்லாதவர் என்று தவறாகக் கருதினால், அவர் தம் வாழ்வையே இழக்க நேரிடும். ஆகவே ஐயம் எழும்போது முதலில் உடலைப் பார்க்க வேண்டும். மனத்தைப் பற்றிய பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் விகாஸ் கிருஷன் தம் முதற்போட்டியிலேயே 0–5 எனத் தோற்றார். தொலைக்காட்சியில் கண்டவர்களுக்குத் தெரிந்தது அந்தக் கணக்கு மட்டுமே. அவர் தோளில் காயத்துடன் ஆடினார் என்பதும், பின்னர் அறுவை சிகிச்சை செய்துகொண்டார் என்பதும் பிறகே பலருக்குத் தெரிந்தன.

கொல்கத்தாவின் கிதிர்ப்பூர் குத்துச்சண்டைக்குப் பெயர்பெற்ற பகுதி. 2002-இல் மான்செஸ்டரில், காமன்வெல்த் போட்டிகளின் குத்துச்சண்டையில் இந்தியாவுக்கு முதல் தங்கத்தைப் பெற்றுத் தந்த முகமது அலி கமர் அவ்விடத்தவரே. இன்று கையுறை அணியும் சிறுவர் சிறுமியர்க்கு ஒரு விதி உண்டு. தலையில் பட்ட அடியால் வீழ்ந்தவர் குறைந்தது 30 நாள்கள் களமிறங்கக் கூடாது. அவர் மனவுறுதி மிக்கவரா, அற்றவரா என்று அவ்விதி கேட்பதில்லை. அதுவே அதன் சிறப்பு.

திருவள்ளுவர் 'ஊக்கமுடைமை' என ஓர் அதிகாரம் வகுத்தார். 'வலியறிதல்' என மற்றோர் அதிகாரமும் வகுத்தார். அங்கே வலி என்பதற்கு வலிமை என்று பொருள். இன்றைய வழக்கில் அச்சொல் நோவையும் குறிக்கிறது. இரண்டையும் அறிந்தவரே நல்ல வீரர். இரண்டையும் கேட்டறிபவரே நல்ல ஆசிரியர். "எனக்கு வலிக்கிறது" என்று சொல்வது கோழைத்தனம் அன்று. அலியிடம் எல்லா வீரமும் இருந்தது. உரிய காலத்தில் அந்த ஒரு சொல்லைச் சொல்லும் வீரம் மட்டுமே குறைந்தது. நண்பர்களே, அடுத்தமுறை ஒருவர் களத்தில் தோற்று வந்தால், "ஏன் தோற்றாய்?" என்று கேட்பதற்கு முன் "எங்கே வலிக்கிறது?" என்று கேளுங்கள்.

சிந்தித்து எழுதுக:

1. 1973-ஆம் ஆண்டுத் தோல்விக்கும் 1980-ஆம் ஆண்டுத் தோல்விக்கும் இடையே ஆசிரியர் காணும் வேறுபாடு யாது?

2. "ஐயம் எழும்போது முதலில் உடலைப் பார்க்க வேண்டும்" என்னும் கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? உங்கள் பள்ளி விளையாட்டு நிகழ்வு ஒன்றைக் காட்டி விளக்குக.