பச்சை வர்ணம் பிரமாணமாகுமா?

கிளாகோமா என்னும் கண் நீர் அழுத்த நோயைக் கண்டறிய ஒளியைக் கொண்டு விழித்திரையை அளக்கும் ஓ.சி.டி. யந்திரம் வந்துவிட்ட பிறகு, விழித்திரையைப் புகைப்படம் எடுப்பதெல்லாம் பழைய சம்பிரதாயமே என்றும், அந்த யந்திரம் அச்சிட்டுத் தரும் தாளில் பச்சை தெரிந்தால் நோயில்லை, சிவப்பு தெரிந்தால் நோயுண்டு என்றும் ஓர் அபிப்பிராயம் படித்தவர்களிடையேயும் வேரூன்றி வருகிறது.

யந்திரத்தின் அளவை துல்லியமானது என்பது இவர்களுடைய முதல் வாதம். அதை நான் மறுக்கவில்லை. 1991-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் உலகுக்கு அறிவித்த இம்முறை, விழித்திரையின் நரம்பிழைப் படலத்தைச் சில மைக்ரான் நுட்பத்தோடு அளந்துவிடுகிறது. ஆனால் வர்ணமோ அந்த அளவையிலிருந்து நேரே பிறப்பதன்று. யந்திரத்தினுள் முன்கூட்டியே சேமித்து வைத்த, ஆரோக்கியமான சில நூறு பேருடைய கண்களோடு ஒப்பிட்டுப் பெறும் அனுமானம். அவர்களுள் மிக மெலிந்த படலமுடைய நூற்றில் ஒருவரின் அளவுக்கும் கீழே போனால் சிவப்பு என்பது விதியாகையால், நோயே இல்லாதவரும் அதில் அகப்படுவதுண்டு. விழி நீண்ட கிட்டப்பார்வைக்காரர்கள் விசேஷமாக அகப்படுகிறார்கள். வைத்தியர்கள் இதற்குச் ‘சிவப்பு வியாதி’ என்று பரிகாசப் பெயரே சூட்டியிருக்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, பிறவியிலேயே தடித்த படலம் வாய்த்தவர் அதில் ஐந்தில் ஒரு பங்கை இழந்த பின்னும் பச்சையிலேயே நிற்கக்கூடும். இந்த இரண்டாவது பிழையே எனக்கு அதிக அச்சம் தருகிறது.

புகைப்படம் காலாவதியானது என்பது அடுத்த வாதம். பார்வை நரம்பின் முகப்பில் தோன்றும் சிறு இரத்தக் கசிவு கிளாகோமாவின் முக்கியமான முன்னறிகுறி. படலத்தின் தடிப்பை மட்டும் கூறும் தாளில் அது தெரியாது. கண் அழுத்தம் மிகுந்தோரை அமெரிக்காவில் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரும் ஆராய்ச்சியில், கசிவு கண்ட கண்களில் நூற்றுக்கு 84, வைத்தியரின் நேர்ப் பரிசோதனைக்கும் தப்பிப் புகைப்படத்தில் மாத்திரமே பிடிபட்டன. நரம்பு வெளுத்திருப்பதையும் புகைப்படமே காட்டும்; அந்த வெளுப்பு, படலம் மெலிந்ததற்குக் காரணம் கிளாகோமா அன்று, மூளைப் பக்கத்துக் கட்டியொன்று நரம்பை அழுத்துவதாக இருக்கலாம் என்று சில வேளை எச்சரிக்கிறது.

ஹைடெல்பெர்க் டோமோகிராப், ஜி.டி.எக்ஸ். ஆகிய முந்திய லேசர் முறைகளை ஓ.சி.டி. பின்தள்ளிவிட்டது என்கிறார்களே, அது நியாயந்தான்.

ஆனால் நோய் முற்றிய பிறகும் யந்திரம் ஒன்றே போதும் என்பது சற்றும் பொருந்தாது. நரம்பிழைகள் பெரும்பாலும் அழிந்தாலும் இரத்த நாளங்களும் தாங்குதிசுக்களும் எஞ்சுவதால், படலத்தின் அளவு ஏறக்குறைய 50 மைக்ரானில் நின்றுவிடுகிறது; அதற்குப் பின் பார்வை குறைந்துகொண்டே போனாலும் எண் அசையாது. அந்நிலையில் பார்வைப்புலச் சோதனையே துணை. கண்ணின் உள்நீர் வடியும் கோணம் அடைபட்டிருக்கிறதா என்பதையோ நரம்புப் படலத்தின் படம் ஒருபோதும் சொல்லாது. கோனியோஸ்கோபி செய்தே அறிய வேண்டும்.

ஆகவே, பச்சைத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்புமுன், நரம்பின் புகைப்படம் எடுத்தாயிற்றா, பார்வைப்புலமும் கோணமும் பார்த்தாயிற்றா என்று உங்கள் வைத்தியரைத் தயங்காமல் கேளுங்கள்.