அப்பிள் பையும் பனங்காய்ப் பணியாரமும்

சாமத்தியவீடோ கலியாணமோ நடந்து முடிஞ்ச வீடொன்றின் பிரிட்ஜைத் திறந்து பாருங்கோ. கீழ்த்தட்டு முழுக்க அப்பிள் இருக்கும். தட்டத்தில் அடுக்க வாங்கினது, மாமன் வீட்டார் கொண்டுவந்தது, படம் எடுக்கேக்க முன்னுக்கு வைத்தது எல்லாம் சேர்ந்து இருபது முப்பது தேறும். முதல் நாள் ஆளுக்கொன்று கடிப்பார்கள். மூன்றாம் நாள் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இரண்டு கிழமையில் தோல் சுருங்கும். பிறகொரு நாள் அம்மா "பழுதாப் போச்சு" எண்டு சொல்லி மாட்டுக்கோ குப்பைக்கோ போடுவா. ஆஸ்பத்திரிக்கு வருத்தம் பார்க்கப் போறவை கொண்டுபோற அப்பிளுக்கும் அநேகமாக இதே விதிதான்.

அதே வீட்டில், அதே கிழமையில், ஒரு தங்கச்சி போனில் அப்பிள் பை செய்யும் வீடியோவைப் பார்த்து "எங்களிட்ட ஓவன் இல்லையே" எண்டு பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பாள். இந்த இரண்டும் ஒரே வீட்டில் நடக்கிறது எங்களுக்குச் சரியான விசித்திரமாகத் தெரிகிறது.

அப்பிளை வைத்துச் சுடும் இனிப்புகளும் பாண்களும் எங்களிடம் வந்து சேர்ந்தது படமாக. வெள்ளைப் பளிங்கு மேசை, பின்னல் போட்ட மேல்மா, பளபளக்கிற பழம், பக்கத்தில் ஐஸ்கிறீம். அதனால் அது பணக்காரப் பண்டம், ஓவன் உள்ள வீட்டுப் பண்டம், கனடாப் பண்டம் என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால் குளிர்நாட்டு ஊர்வீடுகளில் அது நிலைத்ததற்குக் காரணம் நேர்மாறானது. அடிபட்ட பழத்தையும் மிஞ்சின பாணையும் எறியாமல் சாப்பிடுவதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி அது.

யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். பனங்காய் என்ன செய்யும்? ஒரு காலம் வந்தால் தொப்புத் தொப்பென்று விழும். விழுந்ததைக் கனநாள் வைத்திருக்க ஏலாது. அதனால் பிசைந்து களி எடுத்து, காய்ச்சி, மாவும் சீனியும் போட்டுப் பணியாரம் சுடுகிறோம். மிஞ்சின களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்துப் பினாட்டு ஆக்குகிறோம். அப்பிள் மரமும் அப்படித்தான். இலையுதிர் காலத்தில் சில கிழமைக்குள் ஒரு மரம் நூற்றுக்கணக்கில் கொட்டும். கையால் பறித்த நல்ல பழம் நிலவறையில் மாதக்கணக்கில் இருக்கும். விழுந்து அடிபட்டது இருக்காது. அதை வெட்டிக் காயவைத்தார்கள், சாறு பிழிந்து புளிக்கவைத்தார்கள், களியாகக் காய்ச்சினார்கள், மாவுக்குள் பொதிந்து சுட்டார்கள். அப்பிள் பை என்பது குளிர்நாட்டுப் பனங்காய்ப் பணியாரம், அவ்வளவுதான்.

பெரிய மனிசர் வீடுகளில் கதை வேறு என்பது உண்மை. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையற்குறிப்பு ஒன்றில் அப்பிளோடு அத்திப்பழம், முந்திரிகை வத்தல், பேரிக்காய், வாசனைச் சரக்கு, நிறத்துக்குக் குங்குமப்பூ எல்லாம் வருகிறது. சீனி மட்டும் இல்லை. ஆனால் சாதாரண வீடுகளில் என்ன செய்தார்கள் என்று பாருங்கோ. அமெரிக்காவில் 'பிறவுண் பெற்றி' என்று ஒன்று. பழைய பாணை உதிர்த்து, பட்டரில் பிரட்டி, அப்பிளோடு மாறி மாறி அடுக்கிச் சுடுவது. டென்மார்க்கில் 'அப்பிள் கேக்' என்று சொல்லப்படுகிறதில் கேக்கே கிடையாது. காய்ச்சின அப்பிள், அதுக்கு மேல வறுத்த பாண்தூள், மேல கொஞ்சம் கிறீம். வியன்னாவின் ஸ்ட்ரூடலைப் பெரிய நுட்பமென்று கொண்டாடுகிறோம், அதுக்குள்ளும் அப்பிளின் தண்ணியை உறிஞ்சப் பாண்தூள்தான் போடுகிறார்கள். பிரித்தானியாவில் 1940இல் பங்கீடு தொடங்கி பட்டரும் சீனியும் அளந்து கிடைத்த காலத்தில், பைக்கு வேண்டிய அளவு கொழுப்பு இல்லாத வீடுகளுக்குக் கைகொடுத்தது கிரம்பிள். மாவையும் கொஞ்சப் பட்டரையும் விரலால் உதிர்த்து அப்பிளுக்கு மேல தூவினால் முடிஞ்சுது. உருட்டவும் வேண்டாம், பின்னவும் வேண்டாம்.

இந்த வரிசையில் ஒன்றுமே எங்களுக்கு அந்நியமில்லை. நேற்றைய றோஸ் பாண் இல்லாத வீடு எது? 90களில் கரண்டும் இல்லை, பொருளாதாரத் தடையும் என்றிருந்த யாழ்ப்பாணத்தில் எங்கட அம்மாமார் கேக் சுட்டதைக் கேட்டுப் பாருங்கோ. சட்டிக்குள் மண்ணைக் கொட்டிச் சூடாக்கி, அதுக்குள் தட்டை இறக்கி, மூடிக்கு மேல தணல் போட்டுச் சுட்ட கதை வரும். பேக்கரியில் பாண் இறக்கின பிறகு ஆறிவருகிற போறணைக்குள் கேக் தட்டைக் கொடுத்துச் சுட்டெடுத்த கதையும் வரும். பாணுக்கு வேண்டிய கடுஞ்சூடு இறங்கினபிறகு கேக்குக்கு அளவான சூடு வரும் என்கிற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தலைமுறை "ஓவன் இல்லையே" எண்டு போனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

2022ஐயும் மறக்கேலாது. அந்த மார்ச்சில் 300க்கு மேற்பட்ட பொருட்களை இறக்குமதி செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தபோது அப்பிளும் அந்தப் பட்டியலில் இருந்தது. மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. காஸ் வரிசை தெருமுனை தாண்டிப் போனது. அப்போது அப்பிள் 'அத்தியாவசியமில்லாத பொருள்' ஆனதில் எங்களுக்குப் பெரிய கவலை இல்லை. ஆனால் இப்போது திரும்பக் கடைக்கு வந்து, ஒன்றொன்றாக எண்ணி வாங்குகிற விலையில் விற்கும்போது, அதை அழகுக்கு அடுக்கிவிட்டு எறிவது மட்டும் எப்படி வழக்கமாகத் தொடர்கிறது என்று விளங்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் பையை விடுங்கோ. ஒரு ஒழுங்கான பைக்கு ஆறேழு அப்பிள் வேணும், இருநூறு கிராமுக்குக் கிட்டப் பட்டர் வேணும், அந்தப் பட்டர் உருகாமல் மாவைப் பிசையக் குளிரான குசினியும் வேணும். ஏப்ரல் மாதத்து வவுனியாவில் இது நடக்கிற காரியமில்லை. டென்மார்க்காரரின் வழிக்கு வாருங்கோ. அரை இறாத்தல் பழைய பாணைக் கையால் உதிர்த்து, தாச்சியில் இரண்டு மேசைக்கரண்டி பட்டரோ மாஜரினோ போட்டு, கொஞ்சம் சீனியும் சேர்த்து, மெல்லிய நெருப்பில் முறுகும்வரை வறுத்து எடுத்து வையுங்கோ. அதே தாச்சியில் மூன்று நாலு வாடின அப்பிளைத் தோலோடு துண்டுபோட்டு, ஒரு சிரங்கை தண்ணி, அரைத் தேசிக்காயின் புளி, கறுவாத் தூள் போட்டு மூடி அவியவிடுங்கோ. பத்துப் பன்னிரண்டு நிமிசம் காணும். கோப்பையில் பழம், மேல பாண்தூள், திரும்பப் பழம், திரும்பப் பாண்தூள். உடனே சாப்பிட வேணும், வைத்தால் தூள் ஊறிப்போகும். ஓவன் தேவையில்லை, முட்டை தேவையில்லை.

அப்பிளைப் பற்றியும் ஒரு சொல். தட்டத்தில் வடிவாக இருக்கிற அந்த நீட்டுக் கடுஞ்சிவப்பு அப்பிளின் பெயர் 'றெட் டிலீசியஸ்'. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஐயோவாவில் தோன்றியது. பிறகு நிறத்துக்காகவே தெரிந்து தெரிந்து வளர்த்ததில் ருசி பின்னுக்குப் போய்விட்டது. சுட்டால் களியாகும், புளிப்பே இராது. ஆகவே அதுக்குத் தேசிக்காய் கூடப் போடுங்கோ, துண்டாக எதிர்பார்க்காமல் களியாகவே காய்ச்சுங்கோ. பச்சை அப்பிள், அதுதான் 'கிறானி சிமித்', அவுஸ்திரேலியாவில் சிட்னிக்குக் கிட்ட ஒரு கிழவியின் வளவில் முளைத்தது. புளிப்பும் உண்டு, அவிந்தும் உருக்குலையாது. ஆனால் விலை. ஜப்பானில் உருவான 'பியூஜி' சரியான இனிப்பு, அதுக்குப் போடுகிற சீனியைப் பாதியாக்கலாம்.

பாண் மாவிலோ பணிஸ் மாவிலோ அப்பிளைத் துருவிச் சேர்க்கிறவர்கள் தண்ணீரைக் குறைக்க வேணும். அப்பிளில் 80 வீதத்துக்கு மேல தண்ணிதான். வீடியோவில் சொல்லுகிற அளவை அப்படியே போட்டால் நடு வேகாது. அதோடு, அப்பிள் போட்ட பாண் ஈரப்பதமாக இருக்கும், நல்லது, ஆனால் எங்கட வெக்கைக்கு இரண்டு நாளுக்கு மேல வெளியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். குளிர்நாட்டுக்காரர் எழுதின 'ஐந்து நாள் வைக்கலாம்' எங்களுக்குப் பொருந்தாது.

இனி, "பனங்காய்ப் பணியாரம் இருக்க வெள்ளைக்காரனின் பை எதுக்கு?" என்று கேட்கிற அண்ணாமாருக்கு வருவோம். காலையில் பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுத்தான் இதையும் கேட்கிறார்கள், அது போகட்டும். அமெரிக்கர் அப்பிள் பையைத் தங்கள் தேசத்தின் அடையாளம் என்று சொல்வார்கள். அதில் என்ன இருக்கிறது? அப்பிளின் காட்டு மூதாதை கசகஸ்தானைத் தொட்டு நிற்கிற தியென் சான் மலையடிவாரத்தது. கோதுமை மேற்காசியாவில் பயிரானது. கரும்பு முதலில் நியூகினியில் பயிரானது. கறுவா எங்கட தீவினது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அதுக்காக இங்கே சண்டை பிடித்தார்கள், கொழும்பில் ஒரு பகுதிக்கே கறுவாத்தோட்டம் என்று பெயர். ஒரு பண்டத்தின் பிறப்புச் சாட்சிப்பத்திரம் கேட்கத் தொடங்கினால் பையும் மிஞ்சாது, எங்கட கேக்கும் மிஞ்சாது.

கறுவா என்றவுடன் ஒரு வேடிக்கை. அமெரிக்கக் கடைகளில் 'சினமன்' என்று விற்பது பெரும்பாலும் காசியா, அதாவது கறுவாவின் உறவுமுறையான வேறொரு மரத்தின் தடித்த பட்டை. காரமும் உறைப்பும் கூட. எங்கட கறுவா மெல்லிசு, வாசம் இனிப்பாகப் போகும். உலகத்தின் உண்மைக் கறுவாவில் பெரும்பங்கு இங்கேயிருந்துதான் போகிறது. ஆகக்கூட வாங்குகிறவர்களில் முன்னுக்கு நிற்பது மெக்சிக்கோ. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கொடுத்தது. ஆனபடியால், நீங்கள் வீட்டில் செய்ததைச் சாப்பிட்ட கனடா மச்சாள் "அங்கத்தை ருசி வரேல்லை" எண்டு சொன்னால் கவலைப்படாதேங்கோ. அங்கத்தை ருசியில் எங்கட கறுவா இல்லை, அதுதான் விசயம்.

எங்களுக்கு உண்மையில் உறுத்துகிறது வேறொன்று. வீட்டில் சுட்டு ஓடருக்கு விற்கும் அக்காமார் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வேலை போன பிறகு தொடங்கினவர்கள், பிள்ளை பார்த்துக்கொண்டே செய்கிறவர்கள். அவர்களிடம் படத்தை அனுப்பி "இதே மாதிரி அப்பிள் பை வேணும்" என்று கேட்பது நாங்கள். விலை சொன்னவுடன் "வீட்டிலதானே செய்யிறீங்கள், ஏன் இவ்வளவு?" என்று கேட்பதும் நாங்கள். கடையில் விலை கேட்டுப் பேசாமல் காசு கட்டுகிற அதே வாயால். அப்பிளின் விலை, பட்டரின் விலை, கரண்ட் பில் எல்லாம் வீட்டுக்கென்று குறைவதில்லை. பின்னல் போட்ட மேல்மாவுக்குப் போகிற இரண்டு மணித்தியாலத்துக்கு அந்த அக்காவிடம் கணக்கே இல்லை, ஏனென்றால் அதைக் கூலியாக எண்ண ஒருத்தரும் அவவுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

காசு குறைவென்றால் கேட்கிற பண்டத்தை மாற்றலாமே. ஒரு தட்டுக் கிரம்பிள் கேளுங்கோ. அப்பிளை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கோ. கலியாணவீட்டு மிச்சம் இருபதும் பிரிட்ஜில்தானே கிடக்கு. சுடுகிற கூலியை மட்டும் பேரம் பேசாமல் கொடுங்கோ. முன்பு பேக்கரிக்குத் தட்டைக் கொண்டுபோனதும் அப்படித்தான்.