அந்த வெண்ணிழை டி.என்.ஏ.தானா? பள்ளி உயிரித்தொழில்நுட்பக் கல்வி குறித்து

தேசிய அறிவியல் நாளையொட்டி ஆய்வு நிறுவனங்கள் பள்ளி மாணவர்களுக்குத் தம் வாயில்களைத் திறக்கும்போது, உயிரியல் துறைகளில் வழக்கமாக நடைபெறும் ஒரு செயல்விளக்கம் உண்டு. பப்பாளியையோ வாழைப்பழத்தையோ மசித்து, பாத்திரம் கழுவும் திரவமும் உப்பும் கலந்து வடிகட்டி, குளிர்ந்த ஆல்கஹாலை மெல்ல ஊற்றுவோம். இரு திரவங்களும் சந்திக்கும் இடத்தில் வெண்ணிற இழைகள் திரளும். "இதுதான் டி.என்.ஏ." என்போம். மாணவர்கள் வியந்து படமெடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்வார்கள். நாம் நிறுத்தும் அந்த இடத்தில்தான் பாடம் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

குழாயில் திரள்வது தூய டி.என்.ஏ. அன்று. ஆர்.என்.ஏ.வும் புரதமும் பழத்தின் பெக்டினும் அதில் கலந்திருக்கும். ஆல்கஹால் இவற்றையும் வீழ்படிவாக்கும். முட்டையின் வெள்ளைக்கருவை உப்பு நீரில் கலக்கி ஆல்கஹால் ஊற்றினாலும் வெண்ணிறத் திரள் தோன்றும், வெள்ளைக்கருவிலோ டி.என்.ஏ. ஏறத்தாழ இல்லை. இவ்விரு குழாய்களையும் ஒன்பதாம் வகுப்பு மாணவியின் முன் வைத்து, "முதற்குழாயில் இருப்பது டி.என்.ஏ. என்று எப்படிச் சொல்வாய்?" எனக் கேட்டுப் பாருங்கள். சலவைத்தூளையோ உப்பையோ விட்டுவிட்டுச் செய்தால் என்ன ஆகும், கண்ணாடிக் கோலில் சுற்றினால் எது நீண்ட இழையாக வருகிறது, எது தயிர்போல் குழைகிறது என்று அவள் ஆராயத் தொடங்குவாள். சமையலறைப் பொருள்களால் முழு விடை கிடைக்காது. டி.என்.ஏ.வை மட்டும் சிதைக்கும் ஏதோ ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கே தோன்றினால், நொதிகளைப் பற்றிய பாடத்திற்கு அதைவிடச் சிறந்த முன்னுரை இல்லை.

வரலாற்றிலும் இதுவே நடந்தது. 1869இல் டியூபிங்கன் நகரில் பிரீட்ரிக் மீஷர், காயக் கட்டுத் துணிகளின் சீழிலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்தார். அவற்றின் உட்கருப் பொருளைப் பன்றி இரைப்பையிலிருந்து எடுத்த பெப்சினால் சோதித்து, அது புரதம் அன்று என்று காட்டினார். அதில் பாஸ்பரஸ் இருப்பதையும் கண்டார். அவருடைய ஆசான் ஹோப்-சைலர், சோதனைகளைத் தாமே மீண்டும் செய்து பார்த்த பின்னரே 1871இல் அக்கட்டுரையை வெளியிட்டார். டி.என்.ஏ.வின் வரலாறு இத்தகைய ஐயத்தோடு தொடங்கியிருக்க, நாம் அதை ஐயமற்ற காட்சியாகக் கற்பிக்கிறோம்.

இன்றைய பாடத்திட்டத்தைப் பாருங்கள். சி.பி.எஸ்.இ. முறையில் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் செய்முறையும் உயிரித்தொழில்நுட்ப அத்தியாயங்களும் பன்னிரண்டாம் வகுப்பில், உயிரியலைத் தேர்ந்தவர்களுக்கு மட்டுமே வருகின்றன. பத்தாம் வகுப்புடன் உயிரியலை விடுபவருக்கு மரபியல் என்பது மெண்டலின் பட்டாணிக் கட்டங்களோடு நின்றுவிடுகிறது. 2023இல் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதியும் நீக்கப்பட்டது. ஆனால் மரபணு குறித்த பொது முடிவுகள் உயிரியல் படித்தவர்களை மட்டுமா பாதிக்கின்றன? பி.டி. கத்தரிக்காய் குறித்து 2010இல் ஏழு நகரங்களில் பொதுமக்கள் கருத்து கேட்கப்பட்டது. நீதிமன்றங்களில் டி.என்.ஏ. சான்று நாள்தோறும் பேசப்படுகிறது. குலப்பெருமையையும் இனத்தூய்மையையும் "டி.என்.ஏ.விலேயே இருக்கிறது" என்று நிறுவ முற்படுவோரும் பெருகியுள்ளனர். "அது எப்படித் தெரியும்?" என்று கேட்கும் பழக்கம் பதினைந்து வயதிற்குள் வாய்க்காதவர், இவற்றை நம்பவோ மறுக்கவோ மட்டுமே கற்றிருப்பார்.

கருவிகளுக்குப் பணம் எங்கே என்பது உடனே எழும் மறுப்பு. பள்ளிக்குப் பி.சி.ஆர். இயந்திரம் வேண்டியதில்லை, எத்திடியம் புரோமைடு வரவே கூடாது. அகர் அகரைச் சமையல் சோடாக் கரைசலில் காய்ச்சிக் கூழ்மமாக்கி, ஐந்து 9 வோல்ட் மின்கலங்களைத் தொடராக இணைத்து, உணவு நிறமிகளை ஓடவிட்டால் மின்முனைக் கவர்ச்சியின் (எலக்ட்ரோஃபோரெசிஸ்) தத்துவம் கண்முன் விளங்கும். பச்சை நிறமி மஞ்சளாகவும் நீலமாகவும் பிரிவதைக் கண்ட மாணவர், டி.என்.ஏ. துண்டுகள் ஏன் நேர்மின்வாயை நோக்கி ஓடுகின்றன என்பதைத் தாமே ஊகிப்பார்.

கருவியைவிட அரிது, ஆசிரியருக்குத் துணையும் தேர்வில் இடமும் ஆகும். இதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. மூலக்கூறு உயிரியலாளரான அனில் சத்கோபால், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையப் பணியை விட்டு மத்தியப் பிரதேசக் கிராமப்புறத்திற்குச் சென்றவர். அவர் நிறுவிய கிஷோர் பாரதியும் ரசூலியாவின் பிரெண்ட்ஸ் கிராமிய மையமும் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தைத் தொடங்கின. பல்கலைக்கழக அறிவியலாளர்கள் ஆசிரியர்களோடு அமர்ந்து சோதனைகளை வடிவமைத்தனர். செய்முறையைத் தேர்விலும் சோதித்தனர். எழுத்துத் தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். முப்பதாண்டுகள் நடந்த அத்திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. தேர்வை மாற்றினால் வகுப்பறை மாறும் என்பதும், நிறுவனங்களில் வேரூன்றாத நன்முயற்சியை ஓர் ஆணையே முடித்துவிடும் என்பதும் அது விட்டுச்சென்ற பாடங்கள்.

2017இல் சி.எஸ்.ஐ.ஆர். தொடங்கிய ஜிக்யாசா போன்ற திட்டங்கள் மாணவர்களை ஆய்வகங்களுக்கு அழைத்து வருகின்றன. இது வரவேற்கத்தக்கது. எனினும் ஒரு நாள் வருகை ஓராண்டுத் தொடர்பாக மாற வேண்டும். உயிரியல் துறை ஒவ்வொன்றும் அருகிலுள்ள இரண்டு அரசுப் பள்ளிகளைத் தேர்ந்து, ஒரே ஆய்வு மாணவரை ஒரே ஆசிரியரோடு ஆண்டு முழுவதும் இணைக்கலாம். ஐதராபாத்திலோ புனேயிலோ ஆய்வு செய்யும் தமிழ் மாணவருக்குத் தெலுங்கோ மராத்தியோ சரளமாக வராது; வகுப்பை நடத்துபவர் ஆசிரியராகவே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆய்வு மாணவர் சோதனையை அவரோடு முன்கூட்டியே செய்து பார்த்து, தோல்வியுற்ற சோதனையை எப்படி ஆராய்வது என்பதில் துணை நின்றால் போதும்.

இவ்வுழைப்பை ஊதியமற்ற தொண்டாக ஆய்வு மாணவர்கள் மீது சுமத்தக் கூடாது. உதவித்தொகைக்கான ஆண்டு மதிப்பீட்டில் கருத்தரங்க உரைக்கு இடம் உண்டெனில், பள்ளிப் பணிக்கும் இடம் வேண்டும். பள்ளித் தேர்விலும் செய்முறைப் பதிவேட்டின் அழகிய படங்களுக்கு மதிப்பெண் தருவதைக் குறைத்து, தக்க ஒப்பீட்டுச் சோதனையை வடிவமைக்கும் திறனுக்குத் தர வேண்டும்.

பேராசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களும் தங்கள் கருத்தைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். உங்கள் துறையில் இத்தகைய தொடர்பு ஏற்கெனவே நடைபெறுகிறது என்றால், அது எங்கே தடைப்பட்டது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். வெற்றிக் கதைகளைவிட அதுவே இப்போது கூடுதலாகப் பயன்படும்.